ழகரத்து வாலில் ஒரு வெட்டு

கடைத்தெருவில் அவளுக்கு உளவுத்துறை என்று பெயர். கடைகளின் பெயர்ப்பலகைக்கு எழுத்து அமைப்பதுதான் தொழில். ஆனால் எந்த எழுத்தையும் அவள் சும்மா படித்ததே இல்லை. தள்ளுபடி குண்டெழுத்திலும் நிபந்தனை பொடியெழுத்திலும் இருந்தால் அந்தக் கடைப் படியை மிதிக்க மாட்டாள். ஓட்டல் பலகையில் எழுத்து ரொம்பக் குழைந்து நெளிந்தால், சமையல் சரியில்லை, அதை மறைக்கத்தான் இந்தக் குழைவு என்பாள். கட்டிய புருஷனுக்கே அவளைக் கண்டால் கொஞ்சம் உதறல்தான்.

கடையில் அவளோடு வேலை பார்த்தது புருஷனின் தங்கை. அண்ணியும் நாத்தனாரும் பகல் முழுக்க ஒரே அறையில் இருந்தும் சண்டை வந்ததில்லை என்று அக்கம்பக்கம் மூக்கில் விரல் வைத்தது. உளவுத்துறை மெனக்கெட்டுத் தானே வரைந்த ஃபான்ட் ஒன்று அந்தக் கடையின் சொத்து. அதில் ழகரத்தின் வால் அடியில் சுழன்று எட்டிப் பார்க்கும். அதற்காகவே ஆட்கள் தேடி வந்தார்கள். அதை நாத்தனாரின் கணினியில் ஏற்றும்போது அவளுக்கு மனசு கேட்கவில்லை. அந்தப் பிரதியின் ழகரத்து வாலில் மட்டும் மயிரிழை போல ஒரு வெட்டுப் போட்டு வைத்தாள். என்றாவது வெளியே போனால் கொடுத்தது யாரென்று தெரிந்துவிடுமே!

போன வாரம் அடுத்த தெருவில் ஒரு புதுக்கடை. பலகையில் கொட்டை எழுத்தில் 'பழச்சாறு'. அவளுடைய எழுத்தேதான், ஆனால் அவள் கடையில் செய்த பலகை இல்லை. கொஞ்ச நாளாக நாத்தனார் அளந்து அளந்து பேசுவதன் அர்த்தம் இப்போதல்லவா புரிகிறது! விறுவிறுவென்று கடைக்குத் திரும்பி, வீட்டிலேயே திருடியை வைத்துக்கொண்டு ஊரைச் சந்தேகப்பட்டேனே என்று பொரிந்து தள்ளினாள்.

நாத்தனார் பதறவில்லை. "வால்ல வெட்டு இருக்கான்னு பாத்தீங்களா அண்ணி?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மறுபடி ஓடினாள். பலகைக்கு அடியில் நின்று கழுத்து வலிக்கப் பார்த்தாள். வால் முழுசாக இருந்தது. அப்படியானால் வெளியே போனது அவளுடைய சொந்தப் பிரதி. அப்புறம்தான் மண்டையில் உறைத்தது. மழைக்காலத்தில் ஒரு வேலையை, எழுத்தைப் படமாக மாற்றாமல், அவசரத்தில் அப்படியே அச்சகத்துக்கு அனுப்பிவிட்டாள். ஃபான்ட் தன் கணினியில் இல்லை, திறந்தால் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வருகிறது என்று அச்சகத்துக்காரர் கத்த, அந்த ஃபான்ட்டையே அனுப்பித் தொலைத்ததும் அவள் கைதான்.

திரும்பி வந்தவளுக்கு நாத்தனாரின் முகத்தைப் பார்க்கவே கூசியது. வெட்டு எப்போது தெரிந்தது என்று மட்டும் கேட்டாள்.

"முதல் தடவை எழுத்தைப் பெருசு பண்ணப்பவே தெரிஞ்சிடுச்சு. ஒருநாள் நீங்களே மாத்திடுவீங்கன்னு பாத்தேன்."

இப்போதே நல்ல பிரதியை ஏற்றித் தருகிறேன் என்று அவள் நாற்காலியை இழுத்தாள். நாத்தனார் மவுஸிலிருந்து கையை எடுக்கவில்லை.

"வேணாம் அண்ணி, அந்த வெட்டு இருக்கட்டும். நாளைக்கு இன்னொரு போர்டு வந்தா, நான் குடுக்கலைன்னு சொல்ல எனக்கு அது ஒண்ணுதானே இருக்கு."