நாற்பது மிருகங்கள்

இரண்டு வருடங்களுக்கு முன், அடையாறில் ஒரு மருத்துவமனையில் நடந்தது. பார்க்கின்சன் முற்றிப்போய் டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாமல் இருந்த என் கணவருக்கு, மூளைக்குள் மின்கம்பியும், அதற்கு மின்சாரம் அனுப்ப நெஞ்சில் ஒரு சின்ன மெஷினும் வைத்து ஆபரேஷன் செய்திருந்தார்கள். கை நடுக்கம் நன்றாகவே அடங்கிவிட்டது. மந்தைவெளியில் எங்கள் தெரு முழுக்கப் பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் மாத செக்கப்பில், ஞாபகசக்தியைச் சோதிக்கும் பெண் ஒருவர், ஒரு நிமிடத்தில் எத்தனை மிருகங்களின் பெயர் சொல்ல முடியும் என்று அவரைக் கேட்டார். எதிராளியைப் பேசவே விடாத மனுஷர், நாய், மாடு, புலி என்று ஐந்தோடு நின்றுவிட்டார். எனக்கு மானம் போயிற்று. முப்பது வருடமாக வீட்டில் டியூஷன் எடுப்பவள் நான். அவரே என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். என் வீட்டுக்காரர் ஃபெயிலா?

ஒரு நோட்டில் நாற்பது மிருகங்களை எழுதினேன். தினமும் காலையில் ஒப்பிக்க வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் மறுபடி முதலிலிருந்து. "காபி குடிச்சிட்டுச் சொல்றேனே" என்பார். "முடிச்சிட்டுக் குடிங்க" என்பேன். முன்பெல்லாம் எதற்கெடுத்தாலும் மல்லுக்கு நிற்பவர், ஒரு நாள்கூட எதிர்த்துப் பேசவில்லை. அதையும் முன்னேற்றம் என்றே நினைத்தேன்.

அடுத்த செக்கப்பில் யானையில் ஆரம்பித்து மூச்சு விடாமல் ஒப்பித்தார். நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்தப் பெண்ணின் முகம் மலரவில்லை. "சரி சார், இப்ப காய்கறி பேரெல்லாம் சொல்லுங்க" என்றார்.

மயிலாப்பூர் மாட வீதியில் ஒவ்வொரு வெண்டைக்காயையும் நுனி ஒடித்துப் பார்த்து வாங்கியவர். "கத்திரிக்காய்" என்றார். பிறகு வாய் அசைந்தது, சொல் வரவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"டீச்சர் இன்னும் காய்கறி நடத்தலையே" என்றார்.

கிண்டல் இல்லை. மன்னிப்புக் கேட்கிற குரல் அது.

அந்தப் பெண் என்னைத் திட்டவில்லை. "இது மார்க்குக்கு இல்லம்மா. இந்த ஆபரேஷனுக்கு அப்புறம் சில பேருக்கு வார்த்தை வர லேட்டாகும். எவ்ளோ தடுமாறுறார்னு தெரிஞ்சாதான மெஷின் செட்டிங்கை மாத்திப் பாக்கலாமான்னு டாக்டர் யோசிக்க முடியும்" என்றார். என்னால் தலையைத் தூக்க முடியவில்லை.

செட்டிங்கை மாற்றியதில் கொஞ்சம் தேறினார். பழைய வாய் திரும்பவில்லை. அந்த நோட்டைக் கிழித்துப் போட்டுவிட்டேன். இப்போது அவர் ஒரு வார்த்தையைத் தேடினால், எடுத்துக் கொடுக்காமல் காத்திருக்கிறேன். ஆனாலும் சொல்லி முடித்ததும், சரியா என்று கேட்பதுபோல் அவர் என் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம், நோயாளிக்குத் துணையாக இருக்க வேண்டியவள் அவருக்கே பரீட்சை வைத்தேனே என்று இன்றைக்கும் கூசிப்போகிறேன்.