தெய்சோ பிரித்த கடிதம்

ஜப்பானில் அவோமோரிப் பக்கத்துப் படைமுகாமில் கார்ப்பரல் தெய்சோவுக்குச் சண்டை வேலை இல்லை. நெஞ்சு பலவீனம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். அலுவலகத்தில் உட்கார்ந்து சிப்பாய்களின் கடிதங்களைப் பிரித்துப் படிப்பான். கூடாத வரிகளைக் கறுப்பு மையால் அடிப்பான்.

இரண்டு வருஷமாக அவன் கண் தையல் அறை மினெகோவின் மேல். சீனத்துச் சண்டையில் புருஷனைப் பறிகொடுத்தவள். வீரனின் வீடு என்று அவள் வாசலில் பலகை அடித்திருந்தார்கள். வேறொருவன் அவளை ஏறெடுத்துப் பார்ப்பதே குற்றம். அதனால் தெய்சோ வாயைத் திறக்கவில்லை. வேண்டுமென்றே பொத்தானைப் பிய்த்துக்கொண்டு போவான். "ஆச்சு, கார்ப்பரல்" என்று தைத்து நீட்டுவாள். அவ்வளவுதான்.

நாற்பத்து மூன்றாம் வருஷக் குளிரில் கன்பெய் புதுச் சிப்பாயாக வந்தான். ஆப்பிள் தோட்டக்காரன். கிழிந்த சட்டையோடு அவன் தையல் அறைக்குப் போனபோது மினெகோ சிரித்த சிரிப்பு அலுவலகம்வரை கேட்டது. தெய்சோவிடம் அவள் ஒருநாளும் அப்படிச் சிரித்ததில்லை.

அன்று மாலையே, துப்பாக்கியில் தூசி என்று கன்பெய்யைப் பிடித்தான்.

"நீ மனுஷன்னு யாருடா சொன்னா? தூணைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டுச் சில்வண்டு மாதிரி கத்து!"

"சத்தமே பத்தலையே! வண்டுக்குப் பசியோ?" என்று பழைய சிப்பாய்கள் சிரித்தார்கள்.

கன்பெய் தொங்கிக்கொண்டு கத்தினான். கை வழுக்கும்போதெல்லாம் செருப்படி. தைத்த துணிகளைக் கொண்டுவந்த மினெகோ வாசலில் நின்றுவிட்டாள். கன்பெய்யின் கோலத்தைப் பார்த்து அவள் முகம் சுளிப்பாள் என்று தெய்சோ எதிர்பார்த்தான். அவள் அழுதாள். அந்தக் கண்ணீரும் கன்பெய்க்குத்தான் கிடைத்தது.

மறுவாரம் கன்பெய் தன் அக்காவுக்கு எழுதிய கடிதம் தெய்சோ கைக்கு வந்தது. 'மினெகோவைக் கட்டிக்கொள்ளப் போகிறேன். விதவை என்று அம்மா மறுத்தால் நீ பேசு.' மையால் அடித்திருந்தால் போதும். தெய்சோ அதை லெப்டினன்ட் மேஜையில் கொண்டுபோய் வைத்தான். நாலே நாளில் மினெகோவுக்கு வேலை போயிற்று. கன்பெய்யைத் தென்கடல் தீவுக்குப் போகும் கப்பலில் ஏற்றினார்கள்.

தெய்சோ அவள் வீட்டுக்குப் போனான். "ஊர் என்ன சொன்னாலும் சரி, நான் உங்களைக் கட்டிக்கிறேன்."

"கடுதாசியைப் படிச்சது நீங்கதானே?"

"அது என் வேலை."

"படிக்கிறது வேலை. கொண்டுபோய்க் குடுத்தது?"

கதவு சாத்தப்பட்டது.

போர் முடிந்து இரண்டு வருஷம் கழித்து, கன்பெய் உயிரோடு திரும்பி அவளைக் கட்டிக்கொண்டான், இருவரும் தையல்கடை வைத்திருக்கிறார்கள் என்று தெய்சோ கேள்விப்பட்டான். மன்னிப்புக் கேட்கலாம் என்று ரயிலேறினான்.

கடை வாசலில் அவனைக் கண்டதுமே கன்பெய் ஊனக்காலோடு துள்ளி எழுந்து விறைத்து நின்றான். "கார்ப்பரல் ஐயா!" முகத்தில் ரத்தமே இல்லை.

மினெகோ வந்து கன்பெய்யின் தோளைத் தொட்டு அழுத்தினாள். "உக்காருங்க. சண்டையெல்லாம் முடிஞ்சாச்சு. இவர் இப்போ யாரோ ஒரு ஆளு, அவ்வளவுதான்."

தெய்சோ அந்தக் கையையே பார்த்தான். மன்னிப்புக் கேட்காமலே ரயிலடிக்குத் திரும்பினான். ஊர் போய்ச் சேரும்வரை, அந்தக் கை தன் தோளில் இருந்திருக்க வேண்டியது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தான்.