சுனைக்கு விட்ட ஒரு லோடு

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். ஆனால் ஒரகடம் முதல் வல்லம் வடகால் வரை எந்தக் கம்பெனி கேட்டில் விசாரித்தாலும் என் தண்ணீர் லாரியைச் சொல்வார்கள். ஓட்டை லாரி ஒன்றில் தொடங்கிப் பதினொன்று ஆக்கினவன். தண்ணீரில் எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று நெஞ்சை நிமிர்த்தித் திரிந்தவன்.

என் ஷெட்டுக்குப் பின்னால் ஒரு பாறைக் குன்று. பாதியைக் கல்குவாரி தின்றாயிற்று. மீதியின் உச்சியில் ஒரு சுனை. அங்கே ஒரு தேரை உண்டு. கட்டைவிரல் அளவு, பாறையின் நிறம். வருஷமெல்லாம் கல்லிடுக்கில் கிடக்கும். முதல் கோடை மழைக்கு இறங்கி வந்து கத்தும், சுனையில் சரம் சரமாக முட்டையிடும்.

ஆராய்ச்சிக்கு வந்த கல்லூரிப் பெண் சொன்னாள்: "இது அழிஞ்சிட்டு வர்ற மலைத்தேரை, தாத்தா. சுத்துல வேற எந்தக் குன்றுலயும் நான் பாக்கல."

"நம்ம குன்னுல கீதும்மா. நான் பாத்துக்கறேன்" என்றேன்.

இந்த வருஷம் ஒரு மழையோடு வானம் வெளுத்துவிட்டது. சுனை தட்டளவு சுருங்கியது. தலைப்பிரட்டைகளுக்குப் பின்னங்கால்தான் வந்திருந்தது. முன்னங்கால் வந்தால்தான் கரையேறும். அந்தப் பெண் தினமும் போனில் அதைத்தான் கேட்பாள்.

பொறுக்க முடியாமல் டிரைவரிடம் ஒரு லோடு கொண்டுவரச் சொன்னேன்.

"தேரைக்கு லோடா மொதலாளி? எந்த சூப்பர்வைசராண்ட கையெழுத்து வாங்கறது?"

"வாய மூடிகினு ஓஸ் பைப்ப இழுடா."

சுனை நிரம்பியது. நான்தான் ராஜா என்று இறங்கினேன்.

காலையில் ஏறிப் பார்த்தால் அத்தனையும் வெள்ளை வயிறு காட்டி மிதந்தன. குனிந்தபோது மூக்கில் ஏறியது, பிளீச்சிங் பவுடர் வாசனை.

"அத்த ஏன்டா போட்ட?"

கூட ஏறி வந்த டிரைவர் தலை குனிந்தான். "அத்த போடாம லாரி நவுரக் கூடாதுன்னு நீங்கதான மொதலாளி சொல்லிகீறீங்க? வேணான்னு நேத்து சொல்லலியே."

உண்மைதான். கம்பெனிக்காரர்கள் கேட்டுக் கேட்டு நானே போட்ட சட்டம். சொல்ல மறந்தேன்.

இருவரும் பக்கெட்டால் மொண்டு மொண்டு வெளியே கொட்டினோம். ஒன்றாவது துடிக்கிறதா என்று உள்ளங்கையில் வைத்து வைத்துப் பார்த்தேன். சட்டைப்பையில் போன் அடித்தது.

"முன்னங்கால் வந்துச்சா தாத்தா?"

"நாந்தாம்மா கொன்னுட்டேன்" என்றேன். பிறகு போனைப் பாறைமேல் வைத்துவிட்டு, பவுடர் வாசனை போகக் காலிச் சுனையைத் துணியால் துடைக்க உட்கார்ந்தேன். இன்னொரு மழை வந்தால் பெரிய தேரைகள் மறுபடி இறங்குமா என்று அவளிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.