அத்தை தட்டாமல் விட்ட வரி

என் அத்தைக்கு நான் வைத்த பெயர் ‘உட்பிரிவு’. அரசியல் சட்டம் எழுதும் குழுவில் அவள் தட்டச்சர். இரண்டு வருடம் அங்கே தட்டித் தட்டி வீட்டிலும் அதே பாஷைதான். நான் வெளியே போகலாம், பாத்திரம் கழுவியிருந்தால். கழுவியிருந்தாலும் ஆறு மணிக்குள் திரும்புவதாக இருந்தால். எட்டாவதோடு பள்ளிக்கு டாட்டா காட்டிய எனக்குச் சட்டம் என்றால் அவ்வளவுதான் தெரியும்.

அவள் மகன், என் அத்தான், சுவரொட்டி ஒட்டியதற்காகப் பதினாலு மாதமாக உள்ளே இருந்தான். வழக்கும் இல்லை, விசாரணையும் இல்லை. பழைய அரசு போட்ட ஒரு தாள் உத்தரவு, அவ்வளவுதான்.

விசாரணையின்றி யாரையும் முப்பது நாளுக்கு மேல் அடைத்து வைக்கக் கூடாது என்ற பிரிவைத் தட்டிய அன்று, அத்தை வீட்டுக்கு வந்ததும் அத்தான் சட்டையைத் துவைத்து இஸ்திரி போட்டாள். அதை எழுதிய வக்கீலும் நாலு வருடம் சிறையில் கிடந்தவர். முப்பத்தோராவது நாள் அவருக்கு மனைவி முகம் மறந்துபோனதாம். அதனால்தான் முப்பது.

கடைசி அத்தியாயத்தில் அதே கையெழுத்தில் ஒரு வரி வந்தது: ஏற்கெனவே பிறப்பித்த உத்தரவுகள், ரத்தாகும்வரை அப்படியே செல்லும். அத்தை அதை மட்டும் விட்டுவிட்டு ஐந்து நகலையும் மேசையில் வைத்தாள்.

வக்கீல் ஒப்பிட்டுப் படித்தார்.

“ஒரு வரி விட்டுப்போச்சேம்மா.”

“தெரிஞ்சுதான் விட்டேன், ஐயா. என் பையன் அந்த வரிக்குள்ளதான் இருக்கான்.”

அந்த வரி இல்லாவிட்டால் பட்டா, தீர்ப்பு, சம்பளம் எல்லாம் ஒரே காலையில் செல்லாமல் போய்விடும் என்றார் அவர். ‘சிறை உத்தரவு நீங்கலாக’ என்று மூன்று சொல் சேர்க்கலாமே என்று அத்தை கேட்டாள்.

“கேட்டுப் பாத்துட்டேம்மா. நாளைக்கு நாற்காலில உக்காரப் போறவங்களுக்கு அந்தச் சாவி வேணுமாம். எனக்கு இருக்கறது ஒரு ஓட்டுதான்.”

அத்தை புதுத் தாளைச் செருகினாள். ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை.

சட்டம் நடைமுறைக்கு வந்த அன்று ஊருக்கே விடுமுறை. எதற்கும் கேட்டுவிட்டு வருகிறேன் என்று சட்டையோடு சிறைக்குப் போனாள். வாசலில் அதிகாரி அச்சுப் புத்தகத்தைத் திறந்து அந்த வரியை விரலால் காட்டினார். தட்டியது யார் என்று அவள் சொல்லவில்லை.

சட்டை மடிப்புக் கலையாமல் திரும்பி வந்தது.

“நீ போட்டுக்கோடா,” என்றாள். நிபந்தனை எதுவும் சேர்க்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

போட்டுப் பார்த்தேன். அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது. தொளதொளவென்று இருக்கிறது என்று புளுகிவிட்டு, கழற்றி, பழைய மடிப்பிலேயே மடித்து வைத்தேன்.