பெருங்காயம் விழுந்த எலுமிச்சை ஜூஸ்

என் மனைவி சுஜாதாவுக்குத் தயக்கம் என்பதே கிடையாது. விமான நிலைய செக்-இன் கவுன்டரில் வேலை. விமானத்தைத் தவறவிட்டு மேஜையைத் தட்டுகிறவர்களைக் குரல் உயர்த்தாமலே உட்கார வைத்துவிடுவாள். வீட்டில் என்னையும் அப்படித்தான்.

போன மே மாதம், டெல்லி துவாரகாவில் எங்கள் குடியிருப்பின் கேட்டுக்கு வெளியே, பார்சல் கொண்டுவந்த ஒருவர் வெயிலில் மயங்கி விழுந்தார். டெலிவரிக்காரர்கள் வெளியேதான் நிற்க வேண்டும் என்பது எங்கள் சங்கத்தின் விதி. எனக்குக் கூச்சமாக இருந்தது. சுஜாதாவுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோடை முடியும்வரை ஞாயிறுதோறும் கேட்டில் அவர்களுக்கு எலுமிச்சை ஜூஸ் கொடுக்கப் போவதாகச் சங்கச் செயலாளர் சந்திரசேகரிடம் சொன்னாள். கூட்டம் சேரும், குப்பை சேரும் என்று அவர் இழுத்தார். கடைசியில், ஒரே ஒரு ஞாயிறு பார்க்கலாம், புகார் வந்தால் அதோடு சரி என்றார்.

அந்த ஞாயிறு காலை எங்கள் சமையலறை முழுக்கக் குடியிருப்புக் குழந்தைகள். கத்தி மட்டும் சுஜாதா கையில். பிழிவது, விதை வடிகட்டுவது, சர்க்கரை கரைப்பது எல்லாம் பிள்ளைகள் பாடு. தரை துடைப்பது என் பாடு. அண்டா நிறைந்ததும் அவள் உடை மாற்றப் போனாள். திரும்பி வந்து ஒரு வாய் குடித்தவள் அப்படியே நின்றாள். வீடே சாம்பார் வாசனை அடித்தது.

எங்கள் ஏழு வயது மகன் அனிருத்தின் கையில் பெருங்காய டப்பா.

"மலை மந்திர்ல மோர் குடுத்தாங்கல்ல மம்மி, அதுல ஹிங் இருந்துச்சு. அதான் போட்டேன்."

அந்த முருகன் கோயிலில் பார்த்ததிலிருந்து, வெயிலில் வருகிறவர்களுக்குக் கொடுப்பது என்றாலே அவனுக்கு நீர்மோர்தான். பாவம், நல்லெண்ணத்தில் தாராளமாகவே போட்டிருந்தான்.

கொட்டிவிடலாம், கடையில் ஏதாவது பாட்டில் வாங்கி வருகிறேன் என்றேன். எலுமிச்சை ஒன்றுகூட மிச்சமில்லை. சுஜாதா என் பக்கம் திரும்பவே இல்லை.

"ஜல்ஜீரால பெருங்காயம் போடாமயா டெல்லிக்காரங்க குடிக்கிறாங்க?"

அந்தப் புளிப்புச் சீரகத் தண்ணீருக்காக அனிருத்தை வறுத்த சீரகம் நுணுக்க உட்கார வைத்தாள். பக்கத்து வீட்டு ஸ்ம்ருதி கறுப்பு உப்பு எடுத்துவர ஓடினாள். புதினா ஆய்வது என் தலையில் விழுந்தது.

கேட்டுக்கு வெளியே மேஜை போட்டதும் நாலைந்து பேர் வண்டியை நிறுத்தினார்கள். முதல் ஆள் குடித்துவிட்டுச் சப்புக்கொட்டினார், டம்ளரை மறுபடி நீட்டினார். அனிருத்துக்குத் தலைகால் புரியவில்லை. அதற்குள் வரிசை நீண்டுவிட்டது. அப்போதுதான் சந்திரசேகர் வந்து, நேராக அண்டாப் பக்கம் கை நீட்டினார்.

"சார், இவங்க முன்னாடியே வந்து நிக்கிறாங்க. நீங்க கொஞ்சம் பின்னாடி வாங்க" என்றாள் சுஜாதா.

அனுமதி அந்த மனிதர் கையில் அல்லவா இருக்கிறது?

அவர் முகம் சுருங்கியது. ஆனாலும் போய் வரிசையில் நின்றார். அங்கே நிழல் கிடையாது. கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டார். அவர் முறை வருவதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. அனிருத் கொடுத்த டம்ளரை ஒரே மூச்சில் காலி செய்தார். ருசியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. காவலாளியைக் கூப்பிட்டு, மேஜையை உள்ளே வேப்பமரத்தடிக்குத் தூக்கிப் போடச் சொன்னார். பிறகு சுஜாதாவிடம் வந்தார்.

"இவங்களும் உள்ளயே வந்து குடிக்கட்டும்மா. எல்லா ஞாயித்துக்கிழமையும்."

காவலாளி கேட்டை அகலத் திறந்தார். வண்டிகளைத் தள்ளிக்கொண்டு அவர்கள் உள்ளே வந்தார்கள்.