தலைமாட்டில் இருப்பவன்

பெரியவன் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர். எத்தனையோ பேரைத் தூங்க வைத்து, ஒருவர் விடாமல் எழுப்பியிருக்கிறான். தெருவில் எதிர்ப்பட்டால் அவர்களில் யாருக்கும் அவனை அடையாளம் தெரியாது. தம்பியைத்தான் தெரியும்.

தம்பி அதே ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்கிறவன். அவன் கத்தியை எடுத்தால் பெரியவன் தலைமாட்டில் உட்கார்ந்து மூச்சுக்கும் நாடிக்கும் காவல் இருப்பான். குணமானவர்கள் கொண்டுவரும் பழக்கூடை தம்பியின் அறைக்குப் போகும். "எடுத்துக்கண்ணே" என்று அவன் நீட்டுவான். பெரியவனுக்குக் கடிக்காமலே பல் கூசும்.

தாயில்லாத இருவரையும் வளர்த்த அத்தைக்குப் பித்தப்பையில் கல்.

"சின்னவன் கை படுறதுன்னா எனக்கென்ன பயம்" என்றாள், வார்டில் படுத்துக்கொண்டே.

"நானும் கூட இருப்பேன் அத்தை."

"நீ ஊசி போடுவே, நான் தூங்குவேன். தூங்குறதுக்கு எனக்கு ஆள் வேணுமாக்கும்."

பக்கத்துக் கட்டில்கள் சிரித்தன. அவனும் சிரித்துவைத்தான்.

ஆபரேஷன் பாதியில் அத்தையின் ரத்த அழுத்தம் மளமளவென்று சரிந்தது. "கையை எடு" என்றான் பெரியவன். தம்பி எடுத்துக்கொண்டான். பெரியவன் மருந்தை ஏற்றி, திரையில் எண்கள் பழைய இடத்துக்கு வரும்வரை பார்த்திருந்தான். "ம், இப்போ பாரு" என்றான். தம்பி மறுபடி குனிந்தான்.

கண் விழித்ததும் அத்தை தம்பியைத்தான் தேடினாள்.

"கத்தி பட்டதே தெரியலடா சின்னவனே. கைன்னா அதுதான் கை."

"வலி தெரியாம பாத்துக்கிட்டது அண்ணன், அத்தை."

"அண்ணனை விட்டுக்கொடுக்க மாட்டியே நீ. தங்கம்டா."

நர்ஸ் ஊசியோடு வந்தாள். "சார், வலிக்கு அடுத்ததைப் போட்டுடவா?"

"கொஞ்சம் பொறுங்க" என்றான் பெரியவன்.

அவன் இதுவரை யாருக்கும் அப்படிச் சொன்னதில்லை. நர்ஸ் அவனைப் பார்த்தாள். முதலில் கொடுத்த மருந்தின் வேகம் தணியும் நேரம் அவனுக்குத் தெரியும். வலிக்கட்டும். ஒரே ஒரு தடவை அவள் தன்னைத் தேடட்டும். கண்ணில் படும்படி கட்டிலை ஒட்டி நின்றான்.

அத்தையின் நெற்றி சுருங்கியது. விரல்கள் போர்வையைப் பற்றின.

"டேய் சின்னவனே, சுருக்குனு இழுக்குதுடா."

தம்பி திரும்பினான். "அண்ணே?"

அந்தக் குரலில் சந்தேகம் துளிகூட இல்லை. இருந்திருந்தால் தேவலை என்று பெரியவனுக்குத் தோன்றியது. நர்ஸின் கையிலிருந்து ஊசியை வாங்கி, ஏறிக்கொண்டிருந்த சலைன் குழாயில் மருந்தை மெல்லச் செலுத்தினான்.

சற்று நேரத்தில் அத்தையின் முகம் தெளிந்தது. தம்பியின் கையை இழுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"பாத்தியா, உன்கிட்ட வாயைத் திறந்தேன், ஓடியே போச்சு."

நர்ஸ் பெரியவன் முகத்தைப் பார்க்காமல் தட்டை நீட்டினாள். காலி ஊசியை அதில் போட்டான்.