மீட்டர் மாமாவும் பழைய வாஷரும்

மாமாவுக்கு மனிதர்கள்மேல் நம்பிக்கை கிடையாது, மீட்டர்கள்மேல் உண்டு. வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் தெர்மாமீட்டர் ஒப்புக்கொண்டால்தான் போர்வை கிடைக்கும். அதை வெதுவெதுப்பான நீரில் முக்கி எடுத்தால் பள்ளிக்கு லீவும் கிடைக்கும்.

தொழிற்சாலையில் மீட்டர்களைப் பழுது பார்ப்பது அவர் வேலை. அப்பா அங்கேயே பாய்லர் ஓட்டினார். புகைக்குழாயில் ஒரு சென்சார் உண்டு. போகிற புகையில் ஆக்சிஜன் எவ்வளவு மிச்சம் என்று அது காட்டும். மிச்சம் அதிகமென்றால் அடுப்புக்குப் போகிற காற்றைக் குறைக்க வேண்டும்.

அந்த வாரம் எண் ஏறிக்கொண்டே போனது. அப்பா குறைத்துக்கொண்டே போனார். நெருப்பு மங்கி, கரியாகக் கக்கியது.

"மச்சான், உன் மீட்டர் புளுகுது. நெருப்புக்கு மூச்சு முட்டுது."

"மீட்டர் புளுகாது மாப்ளே. உன் கண்ணுக்குத்தான் கண்ணாடி மாத்தணும்."

மாமா சென்சாரைக் கழற்றி வெறும் காற்றில் காட்டினார். காற்றிலுள்ள ஆக்சிஜனுக்கு உரிய இருபத்தொரு சதவீதத்தை அது பிசகாமல் காட்டியது. "பாத்தியா, தங்கம்." சென்சாரும் குழாயும் சேரும் இடத்தில், இடைவெளி அடைக்கிற வளையமான வாஷர் நசுங்கிப் பழசாகியிருந்தும் அதையே வைத்து மறுபடி முடுக்கினார். புது வாஷர் கேட்டு ஸ்டோர் வாசலில் தவம் கிடக்க அங்கே யாருக்கும் பொறுமையில்லை. இப்படிக் கழற்றி மாட்டக் கழற்றி மாட்ட, எண் இன்னும் ஏறியது.

ஒரு மதியம், நெருப்பு அணைந்துவிட்டதோ என்று அப்பா அடுப்புக் கதவைத் திறந்தார். உள்ளே எரியாமல் தேங்கியிருந்த புகை, காற்றுப் பட்டதும் பற்றிக்கொண்டு அவர் முகத்தில் பாய்ந்தது.

வலது கண் போய்விட்டது என்றார் டாக்டர். இடது கண்ணைப் பற்றிக் கட்டு பிரித்தால்தான் சொல்ல முடியுமாம்.

மறுநாள் வேறு ஆள் பாய்லரை மூட்டியதும், மாமா சென்சாரின் அடியில் எரிகிற சிகரெட்டைப் பிடித்தார். புகை வாஷர் ஓரமாக உள்ளே இழுபட்டது. வெளிக்காற்று அந்த வழியாகத்தான் புகுந்திருக்கிறது. சென்சார் அதையும் சேர்த்து அளந்திருக்கிறது.

மாலையில் ஆஸ்பத்திரிக்கு வந்து கட்டிலருகே நின்றார்.

"வாஷர்ல லீக் மாப்ளே. தப்பு என்மேலதான்."

"எப்பலேருந்து?"

"மொதல்லேருந்தே."

"அப்ப என் கண்ணு நல்லாத்தான் இருந்திருக்கு," என்றார் அப்பா.

கட்டு பிரித்தார்கள். வெளிச்சம் தெரிகிறது, முகம் தெரியவில்லை. அம்மா தன் அண்ணனோடு பேசுவதை விட்டுவிட்டாள். மாமா மட்டும் தினமும் வந்து அப்பாவுக்குச் சவரம் செய்கிறார். தழும்பருகே ரேசரை நிறுத்தி நிறுத்தி இழுப்பார். அப்பா மோவாயைத் தூக்கிக் கொடுத்து அசையாமல் இருப்பார்.

"காதோரம் விட்டுட்டே மச்சான்," என்பார், தடவிப் பார்த்து.